ஸ்டிக்கரைப் படிக்கும் கண்

சென்னை ரிச்சி தெருவில் கீழ்த்தளம் முழுக்க ஸ்பீக்கர், வயர், சிசிடிவி கேமரா வியாபாரம். லேப்டாப் பழுது பார்ப்பவர்கள் பலருக்கு மாடியில்தான் இடம். குறுகலான படியேறி நான் போய் உட்கார்ந்த சர்வீஸ் கடையில், ஒரு கல்லூரி மாணவர் தன் லேப்டாப்போடு காத்திருந்தார். 4 ஜிபி போதவில்லை என்று இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். டிஸ்ப்ளே வரவில்லை.

"அண்ணே, ரேம் டெட்டா?"

"பழசைக் காட்டு தம்பி" என்றார் மெக்கானிக்.

பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, இரண்டு ரேமையும் உருவி வெளிச்சத்தில் பிடித்தார். பழையதன் ஸ்டிக்கரில் பிசி3எல்-12800எஸ். புதியதில் பிசி3-12800எஸ். அந்த ஒரு 'எல்'தான் விஷயம். பிசி3 எனப்படும் டிடிஆர்3 ரேமுக்கு 1.5 வோல்ட் வேண்டும். 'எல்' போட்டது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். இன்டெல் நான்காம் தலைமுறை முதல் டிடிஆர்3 லேப்டாப்புகள் பெரும்பாலும் 1.35 வோல்ட்தான் கொடுக்கும். பின்கள் இரண்டிலும் 204, வெட்டும் ஒரே இடத்தில். அதனால் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. அந்தப் புது ரேமைப் பழைய மிஷின் ஒன்றில் மாட்டிக் காட்டினார். உடனே டிஸ்ப்ளே வந்தது.

"ரேம் நல்லாத்தான் இருக்கு. உன் மிஷினுக்கு ஆகாது, அவ்வளவுதான்."

12800 என்பது நொடிக்கு இத்தனை மெகாபைட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் 1600. '1600 பஸ்' என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். வேகம் மாறினால் பெரிய கெடுதல் இல்லை, குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கி ஓடிவிடும். ரேமின் தலைமுறை மாறினால்தான் வழியே கிடையாது. டெஸ்க்டாப்பில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள். வெட்டு மட்டும் சற்றுத் தள்ளியிருக்கும். இதைக் கவனிக்காமல் அமுக்கி, ஸ்லாட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. "உட்காரலைன்னா விட்டுடணும் சார், பலம் காட்டக் கூடாது" என்று அவர் சொன்னபோது குரலில் உண்மையான வருத்தம்.

மலிவு விலை ரேம்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஏஎம்டி ரேம்' என்று விற்கும் சில டிடிஆர்3 ரேம்களில் 4 பிட் அகலச் சில்லுகள் இருக்கும். சாதாரண இன்டெல் டெஸ்க்டாப் போர்டு அவற்றை ஏற்பதில்லை. ஸ்டிக்கரில் 8 ஜிபி என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? சில்லுகளை எண்ணிப் பார்த்து, அவற்றின் மேலுள்ள பொடி எழுத்தைப் படிக்கிறவருக்குத்தான் தெரியும்.

பக்கத்து மேசைப் பெண் மெக்கானிக்கிடம் ஒரு மெல்லிய லேப்டாப் வந்தது. கழற்றுமுன் மாடல் எண்ணைப் பார்த்தார், உள்ளே இருப்பதைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளை ஓட்டினார். ரேம் போர்டிலேயே பற்றவைத்து வந்தது, கூடுதல் ஸ்லாட் இல்லை. "இதுல ஏத்த முடியாதுங்க சார், காசை வீணாக்காதீங்க" என்று மூடிக் கொடுத்துவிட்டார். அடுத்து வந்த டெஸ்க்டாப்பில் ரேமின் தங்கப் பூச்சு முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார், மிஷின் எழுந்தது. புது ரேமே தேவைப்படவில்லை. இருந்தாலும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு, ஒரு சுற்று முழுதாக முடிந்த பிறகே ஒப்படைத்தார். இரண்டு வேலைக்கும் விற்பனை என்று எதுவுமில்லை. முதலாமவர் நன்றி சொல்லிப் போனார், மற்றவர் "ரப்பர்தானே போட்டீங்க" என்று பேரம் பேசினார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. வேண்டாததை வாங்காமல் தடுத்ததும் வேலைதான், பொருளை விற்பதைவிட நேர்மையான வேலை. ரேம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் மிஷினையும் பழைய ரேமையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'எத்தனை ஜிபி' என்று கேட்பதற்கு முன் 'எது பொருந்தும், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும்' என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னவருக்கு, எதுவும் வாங்காமல் திரும்பினாலும், கூலி கொடுங்கள்.