கைநாட்டு வைத்த நாய்

வடக்கு இங்கிலாந்தின் மொட்டை மலைகளுக்கு நடுவே இருக்கிறது கார்ஸ்டேல் ரயில் நிலையம். ஊர் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் சில வீடுகள்தான். ஆனால் ரயில் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்த அறையில் ஊழியர் குடும்பங்கள் கூடி நடனமாடுமாம். 1900-ல் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையில் ஓர் இன்ஜின் காற்றில் சிக்கி கரகரவெனச் சுற்ற, குழியில் மண்ணைக் கொட்டித்தான் நிறுத்தினார்களாம். அதன்பிறகு சுற்றிலும் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டு வேலி போட்டார்கள்.

1876-ல் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட செட்டில்-கார்லைல் பாதையில் வருகிறது இந்த நிலையம். 1970-ல் பாதையின் பெரும்பாலான நிலையங்களோடு இதையும் மூடினார்கள்; 1986-ல் மறுபடி திறந்தார்கள். இதற்கிடையே பாதையையே மூட முனைந்தது பிரிட்டிஷ் ரயில். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாது என்றது. ரயில் பிரியர்கள் விடவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்சேபணைகள் குவிந்தன. அதில் ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் கால் தடம்! வைத்தது ரஸ்ஸப் என்ற நாய். அதுவும் டிக்கெட் வாங்கிய பயணியாயிற்றே. 1989 ஏப்ரலில் அரசு இறங்கி வந்தது, பாதை பிழைத்தது.

போராட்டத்தில் முன்னால் நின்ற அதன் எஜமானர் 1990 ஜனவரியில் வேல்ஸ் மலைகளில் நடக்கப் போனார். திரும்பவில்லை. 11 வாரம் கழித்து ஓர் ஓடையருகே உடல் கிடைத்தது. கடும் குளிரிலும் பக்கத்தை விட்டு அகலாமல் இருந்தது ரஸ்ஸப். எலும்பும் தோலுமாய் மீட்கப்பட்ட அந்தக் கிழட்டு நாய், எஜமானரின் இறுதிச் சடங்கு வரை உயிரைப் பிடித்துவைத்திருந்தது.

2009-ல் கார்ஸ்டேல் பிளாட்பாரத்தில் ரஸ்ஸப்புக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.