வெள்ளிக்கிழமை பதினொரு மணி

அண்ணன் மகள் ஒரு துணிக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனித்துக்கொள்கிறாள். அவள் மடிக்கணினியில் ஒரு எக்செல் தாள் இருக்கிறது. கன்டென்ட் காலண்டர் என்கிறாள். ஆடி பிறக்குமுன்பே தீபாவளி வாழ்த்து அதில் படத்தோடும் நேரத்தோடும் தயாராக உட்கார்ந்திருந்தது. என் கண் நின்றது வேறொரு கட்டத்தில்: 'ஊழியர்கள் – திடீர் சிரிப்பு – வியாழன் மாலை 7'. திடீருக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

இதைவிட ருசியானது கடை முதலாளியின் தலையீடு. பின்தொடர்பவர்கள் வெள்ளி பகல் 11 மணிக்குத்தான் அதிகம் எட்டிப் பார்க்கிறார்கள் என்று செயலி கணக்குச் சொல்கிறது. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். புதுப் பட்டு ரகத்தை ராகு காலத்திலா காட்டுவது? 12.05க்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

"ரீச் போயிடும் சித்தப்பா" என்று என்னிடம் வந்து புலம்பினாள். நான் முதலாளி கட்சி. அந்த நேரம் ஏன் நல்லது என்று அவளுக்கும் தெரியாது, ஏன் கெட்டது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் தினசரிக் காலண்டரில் ராகு தன் நேரத்தை மாற்றி நான் பார்த்ததில்லை. அல்காரிதம் மாதத்துக்கு ஒரு பேச்சு பேசுகிறது.

முன்னதாகவே எழுதிவைப்பதில் எனக்குப் புகார் கிடையாது. தீபாவளி மலருக்கு வெயிலில் வியர்வை வழிய உட்கார்ந்து ஐப்பசி மழையை எழுதிக் கொடுத்தவர்கள்தானே நம் எழுத்தாளர்கள். முன்னதாக எழுத முடியாததை என்ன செய்வது? அங்கேதான் எனக்கு வெண்ணெய் ஞாபகம் வருகிறது.

1966இல் விளம்பரக்காரர் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸும் அமுல் சிறுமியை உருவாக்கினார்கள். புள்ளி போட்ட கவுன், தலையில் ரிப்பன். பம்பாய்த் தெருக்களின் விளம்பரப் பலகையில் ஏறியவள் சீக்கிரமே ஊர் வம்புக்கெல்லாம் வாய் கொடுக்கத் தொடங்கினாள். குதிரைப் பந்தயம், கிரிக்கெட், தேர்தல், வேலைநிறுத்தம், எதையும் விடவில்லை. சிலேடைகள் சில நேரம் அறுவைதான். எனக்குப் பிடித்தது அவற்றுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. விளம்பரத்தை வெளியிடுமுன் தன்னிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று அமுலை நடத்திவந்த வர்கீஸ் குரியன் சொல்லிவிட்டார். பணம் குஜராத்தில் பால் ஊற்றும் விவசாயிகளுடையது; குறும்பு பம்பாயில் யாரோ நாலு பேருடையது. நடுவில் கோப்பு இல்லை, கையெழுத்து இல்லை. குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள அமுல் அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதலுக்குக் காத்திருந்தால் செய்தி ஊசிப்போயிருக்கும். தன் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைக் கிண்டலடித்ததற்காக, இனி விமானத்தில் அமுல் வெண்ணெய் கிடையாது என்று இந்தியன் ஏர்லைன்ஸ் மிரட்டிய கதையும் உண்டு. சிறுமி வாயை மூடவில்லை. டகுன்யா 2023இல் மறைந்தார். அவர் மகன் ராகுலின் பொறுப்பில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அமுலுக்குக் கிடைத்தது கேட்காமல் பேசும் உரிமை. கேட்காமல் வாயை மூடும் உரிமை என்று ஒன்றும் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை, மாலை 6.10க்குக் கலைஞர் மறைந்தார். ஆடித் தள்ளுபடிக் காலம். கடைகள் ஷட்டரை இறக்கின. வரிசையில் நிற்கும் போஸ்ட்டுக்கு ஷட்டர் ஏது? அண்ணன் மகள் அப்போது வேறொரு கடையில், வேலைக்குச் சேர்ந்த புதிது. 7 மணிக்கு நாதஸ்வர இசையோடு 'ஆடிக் கொண்டாட்டம்' வெளியாக வேண்டும். முதலாளி போனை எடுக்கவில்லை. மேலாளரோ, அவரைக் கேட்காமல் எதிலும் கைவைக்காதே என்றார். பஸ் கிடைக்காமல் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள், வழியிலேயே நின்று அதை நிறுத்திவிட்டாள். மறுநாள், யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மட்டும் கேட்டார்களாம். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நல்ல நேரம், கெட்ட நேரம் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் வெளியிடும் உரிமையைத் தரக் குரியன் அளவுக்கு உங்களுக்குத் துணிச்சல் வராமல் போகலாம். கேட்காமல் நிறுத்தும் உரிமையையாவது அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையிடம் கொடுத்துவையுங்கள்.