நாலரை கிலோ

என் பேரனிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. பயப்பட வேண்டாம். அது சுடும், கொல்லாது. 'ஏர்சாஃப்ட்' என்று ஒரு விளையாட்டு பிரான்சில் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. நிஜத் துப்பாக்கியைப் போலவே அச்சு அசலாகச் செய்த நகலை வைத்துக்கொண்டு, காட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவது. 1970களில் ஜப்பானில் தொடங்கிய பொழுதுபோக்கு.

உள்ளே இருப்பது பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், ஸ்பிரிங், பிஸ்டன். விசையை இழுத்தால் பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கின் வேகத்தில் முன்னால் பாயும். அந்தக் காற்று 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு ஒன்றை வெளியே தள்ளும். குண்டின் எடை கால் கிராம். கோலிக்குண்டுக்குப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பிரெஞ்சுச் சொல்லைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் உண்டு. குண்டின் சக்தி 2 ஜூலைத் தாண்டக்கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கக்கூடாது என்று 1999-இல் ஆணை போட்டிருக்கிறார்கள். 2 ஜூல் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: கல்லூரியில் என்.சி.சி.யில் நாங்கள் சுட்ட .303 ரைபிளின் தோட்டா, குழலை விட்டுக் கிளம்பும்போது 3,000 ஜூலுக்கு மேல் சக்தியோடு போகும்.

சென்ற ஆண்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பேரன் அதை என் கையில் கொடுத்தான். பிளாஸ்டிக் சாமான்தானே என்று ஒரு கையால் வாங்கினேன். கை கீழே இறங்கிவிட்டது. இரும்பும் மரமும் சேர்த்துச் செய்தது. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தோம். பேட்டரி, தொலைநோக்கி எல்லாம் சேர்த்து நாலரை கிலோ. எம்14 என்ற அமெரிக்க ரைபிளின் நகல் என்றான். விடுமுறையில் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியிருக்கிறான்.

விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் லேசானதைத்தான் விரும்புவார்களாம். நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே. இவன் ஏன் கனமானதைத் தேடி வாங்கினான் என்பதை மகள்தான் சமையலறையில் வைத்துச் சொன்னாள். "ராணுவத்துல சேரணும்கிறான்ப்பா. அதுக்குப் பழகுறானாம். விண்ணப்பத்தை வாங்கி மேசை மேல வச்சிருக்கான். அவனுக்குப் பத்தொன்பது வயசு, என் கையெழுத்துகூட வேண்டாம். நீங்களாவது அவன்கிட்ட பேசுங்களேன்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் தெருவுக்கு நாலு சொல்தா குடும்பம். என் அம்மாவின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவில் சண்டை போட்டவர். 1954-இல் அந்தப் போர் முடிந்து பென்சனோடு ஊருக்கு வந்தார். 1962-க்குப் பிறகு அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார். என் அப்பா வேண்டாம் என்றார். அதனால்தான் நான் பிரெஞ்சில் படித்துவிட்டு இந்திய அரசாங்கத்தின் குமாஸ்தாவானேன். மகளுக்கு அமைந்த சம்பந்தமும் ஒரு சொல்தா குடும்பம்தான். அப்படித்தான் அவள் பிரான்சுக்குப் போனாள்.

மாமா ஜூலை 14-ஆம் தேதி காலையில் மெடல்களைக் குத்திக்கொண்டு பீச் ரோட்டு நினைவுச் சின்னத்துக்குப் போவார். வந்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். மற்ற நாள்களில் போரைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்கு எட்டு வயதில் ஒரு தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி கேட்டு அழுதேன். எது கேட்டாலும் வாங்கித் தருகிற மாமா அதை மட்டும் வாங்கித் தரவில்லை. அப்பா வாங்கி வந்தார். மாமா அதை என்னிடமிருந்து வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இதுல கனமே இல்லையேடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பேரனிடம் உடனே பேசவில்லை. "ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போ" என்றேன். பாரீஸிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் ஒரு தனியார் காடு. துப்பாக்கியைப் பையில் போட்டு மூடித்தான் எடுத்துப் போனான். 2015 நவம்பருக்குப் பிறகு பாரீஸில் நகலைக்கூட யாரும் வெளியில் காட்டுவதில்லை.

காட்டுக்குள் நுழையும் முன்பே ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கருவியின் முன்னால் சுட்டு வேகத்தை அளந்தார்கள். எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம், வேடிக்கை பார்க்க வந்த எனக்கும் ஒன்று மாட்டிவிட்டார்கள். டிரெஷரியில் பில் பாஸ் செய்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் கருவியும் அளப்பதில்லை. குண்டு பட்டால் சுருக்கென்று வலிக்கும், ஆனால் உடுப்பில் அடையாளம் எதுவும் இருக்காது. பட்டவன் தானே கையைத் தூக்கி "அவுட்" என்று சொல்லி வெளியேற வேண்டும். சொல்லாவிட்டால் யாராலும் நிரூபிக்க முடியாது. முப்பத்தைந்து வருடம் சான்றிதழ் இல்லாமல் எவர் சொன்னதையும் நம்பாத குமாஸ்தா நான். மரத்துக்குப் பின்னாலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்க்க மரியாதையாக இருந்தது.

இடைவேளையில் பேரன் என்னையும் அட்டையில் வரைந்த குறியைப் பார்த்துச் சுடச் சொன்னான். தோளில் வைத்தேன். முதல் குண்டு சரியாகப் போனது. பத்தாவதற்குள் முன்கை நடுங்கி, குறி ஆட ஆரம்பித்துவிட்டது. இறக்கி வைத்துவிட்டு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் பேசினேன்.

"இந்த எம்14-ஐ அமெரிக்கர்கள் 1965-இல் எந்த நாட்டில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், தெரியுமா?"

"வியட்நாம், தாத்தா."

"உன் சொல்தா தாத்தா இருந்ததும் அதே நாடுதான். பத்துப் பதினைந்து வருடம் முன்னால்."

பொட்டுவெடித் துப்பாக்கி கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அவர் எத்தனை பேரைச் சுட்டிருப்பார்?" என்று கேட்டான்.

"நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை."

பிரெஞ்சில் இந்த நகலுக்கு 'ரெப்ளிக்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நகல் என்றும் பொருள், பதில் என்றும் பொருள். அதை வைத்தே அவனிடம் சொன்னேன்: "இங்கே நீ சுட்டவன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து உனக்குப் பதில் சொல்கிறான், உன்னோடு காப்பி குடிக்கிறான். அங்கே அவன் திரும்ப மாட்டான். பதிலை நீதான் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சேராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம் குடும்பம் அந்தப் பென்சனில் சாப்பிட்டிருக்கிறது. கனம் பழகுவதாக இருந்தால் அந்தக் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. விசில் ஊதினார்கள், எழுந்து போனான். அடுத்த ஆட்டத்தில் முதலில் கையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான்.

நான் ஊர் திரும்பி ஆறு மாதமாகிறது. மகள் வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். விண்ணப்பம் இன்னும் மேசை மேலேயே இருக்கிறதாம். பூர்த்தி செய்யவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை. யோசிக்கிறான். பத்தொன்பது வயதில் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வதே பெரிய விஷயம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.