நோன்பும் வேகமும்

ரமலான் மாதத்தில் அஸருக்குப் பின் நம் ஊர்ச் சாலைகளைக் கவனித்தவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். பகலெல்லாம் பசியையும் தாகத்தையும் பொறுத்த மனிதன், கடைசி அரைமணி நேரத்தைப் பொறுக்க மாட்டாமல் பறக்கிறான். கடையை அடைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் விரைபவர், வெளியூரிலிருந்து காரில் திரும்புபவர், பள்ளிவாசலில் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு ஓடும் சிறுவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே இலக்கு, பாங்கு சொல்வதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே. பொறுமையின் மாதத்தில் பொறுமை முதலில் விடைபெறும் இடம் சாலையாக இருக்கிறது.

இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. நேரம் வந்ததும் நோன்பு திறப்பதில் தாமதம் கூடாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியல்லவா? ஆம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த சுன்னத்தை நிறைவேற்ற ஒரு பேரீச்சம்பழமோ ஒரு மிடறு தண்ணீரோ போதும். அது காருக்குள்ளேயே இருக்க முடியும். நாம் விரைந்து ஓடுவது சுன்னத்தை நோக்கியா, விரித்து வைத்த தஸ்தர்கானை நோக்கியா என்பதை நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். பயணியின் சிரமத்தை எண்ணி நோன்பையே பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கச் சலுகை தந்த மார்க்கம், பத்து நிமிடத்திற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லுமா?

2025ஆம் ஆண்டு மார்ச் மாத நோன்பில் ஒரு நாள், கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக நீடாமங்கலம் நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். என் மைத்துனர் கார் ஓட்டினார். நான் அருகில் அமர்ந்திருந்தேன். பின்னிருக்கையில் பெண்களும் ஒரு குழந்தையும் இருந்தனர். தாளடி அறுவடை முடிந்த காலம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியிலும் வைக்கோல் சிதறிக் கிடந்தது. மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வளைவைத் தாண்டியதும், நெல்லைக் குவித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி முதுகைக் காட்டியபடி சாலை நடுவே பின்வாங்கி வந்தார்.

மைத்துனர் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். மிதி அவர் காலடியில் படபடவென்று அதிர்ந்தது. வைக்கோலின் மேல் வண்டி நிற்காமல் வழுக்கிச் சென்றது. ஆயினும் திசைமாற்றி அவர் கைக்குக் கட்டுப்பட்டது. வலப்புறம் ஒடித்தார். மூதாட்டிக்கும் வண்டிக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றோம். எதிரே வேறு வண்டி வராதது அல்லாஹ்வின் அருள்.

இறங்கி ஓடினோம். "அம்மா, அடி ஏதும் பட்டுச்சா?" என்றார் மைத்துனர், நடுங்கும் குரலில்.

"இல்ல தம்பி. பனி இறங்குறதுக்குள்ள அள்ளிடணும்னு அவசரம். ஈரம் இருந்தா நெல்லைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார் அவர்.

அவருடைய அவசரத்திற்குக் காரணம் இருந்தது. நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது கொள்முதல் நிலையங்களின் பொது விதி. களம் இல்லாதவர்க்குத் தார்ச்சாலையே களம். அவர் ஒரு பருவத்து உழைப்பைக் காக்க விரைந்தார். நாங்கள் எதற்காக விரைந்தோம்?

அன்று எங்களைக் காத்த கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் திசை திரும்பாது. அதைத் தடுக்க, நொடிக்குப் பல முறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 1978இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திற்கும் அது கட்டாயமாயிற்று. மிதி அதிர்வது அதன் வேலை. அதைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. எதிரில் உள்ளதைக் கண்டு தானே பிரேக் போடும் அமைப்பும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் அது இருந்தாக வேண்டும்.

ஆனால் எந்தக் கருவியும் இறைவன் வகுத்த இயற்கை விதியை மாற்றிவிடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். கண் கண்டு கால் மிதிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். அதன் பிறகு, நல்ல உலர்ந்த சாலையிலும் நிற்க மேலும் 20 மீட்டர் அளவுக்கு வேண்டும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வைக்கோலும் நெல்மணியும் கிடக்கும் சாலையில் இந்தக் கணக்கும் பொய்த்துப் போகும். அங்கே ஏ.பி.எஸ். வண்டியைத் திருப்ப உதவுமேயன்றி, விரைவில் நிறுத்தித் தராது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்பே அல்லாஹ்வின்மீது பொறுப்பைச் சாட்டு என்பது நபிமொழியின் கருத்து. காரில் ஏறி பிஸ்மில்லாஹ் சொல்லிப் பயண துஆ ஓதுகிறோம். இந்த வாகனத்தை அடக்கும் ஆற்றல் நமக்கு இல்லை, அவனே வசப்படுத்தித் தந்தான் என்பதே அந்த துஆவின் பொருள். அதை ஓதிய நாவின் ஈரம் காயுமுன்பே, அடக்க முடியாத வேகத்தில் ஓட்டுவது எந்த வகை தவக்குல்? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் கற்றிருக்கிறோம். இன்று பாதையில் கிடக்கும் பெரிய முள் நம் வேகமே.

வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் பாடைக்காவடி எடுப்பார்கள். சாவின் வாயிலிருந்து மீண்ட இந்துச் சகோதரர்கள், பாடையில் பிணம்போல் படுத்து ஊர்வலமாகச் செல்வார்கள். நம் நம்பிக்கை வேறு, வழிமுறை வேறு. எனினும் மீண்டு வந்த உயிருக்கு நன்றி சொல்லியாக வேண்டும் என்ற அவர்களின் உணர்வில் நமக்கும் பாடம் உண்டு. "அல்ஹம்து லில்லாஹ்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே வேகத்தில் பறந்தால், அது நன்றியாகுமா?

அன்று எங்கோ தொலைவில் பாங்கு ஒலித்தபோது, நாங்கள் சாலையோரத்தில்தான் இருந்தோம். நாங்கள் நோன்பாளிகள் என்றறிந்த அந்த அம்மையார் தம் குடத்துத் தண்ணீரைச் சொம்பில் தந்தார். அதைக் கொண்டு நோன்பு திறந்தோம். பிறகு மைத்துனர் சாக்கைப் பிடிக்க, எஞ்சிய நெல்லை அள்ளிக் கொடுத்தோம். வீடு சேர ஒரு மணி நேரம் பிந்தியது. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ரமலான் பிறக்குமுன் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமும் ஒரு புட்டித் தண்ணீரும் வைத்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் தாய்மார்களே, வண்டி ஓட்டுபவருக்குத் தொலைபேசியில் "எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டு விரட்டாதீர்கள். கஞ்சி ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம். நிதானத்தை இறைவனும் அவசரத்தை ஷைத்தானும் தருவதாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நிதானமுள்ளவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.