கிராம சபைக்குப் போக வழி இருக்கிறதா?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மே 1, ஆகஸ்ட் 15 என்று தேதிகளும் முன்பே தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளில் 69 சதவீதம் பேர் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். ஆனாலும், "அவங்க எங்க கூட்டத்துக்கு வர்றாங்க?" என்று கேட்டு ஊர் பேச்சை முடித்துவிடுகிறது. எப்படி வருவார்கள்? சமுதாயக் கூடத்துக்குப் படி இருக்கும், சாய்தளம் இருக்காது. இருந்தாலும் செங்குத்தாக இருக்கும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். நாலடியில் சிமெண்டைக் கொட்டி முடித்தால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். சமதளமான பள்ளி மைதானத்தில் கூட்டம் போடவும், பார்வையற்றவருக்காக வரவு செலவைச் சத்தமாக வாசிக்கவும் பணம் வேண்டாம். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டும்தான். அந்தச் செலவை மாவட்ட நிர்வாகம் ஏற்கட்டும். உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025-ல் சட்டம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். நல்ல சட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது ஊராட்சி மன்றத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம். கிராம சபையில் கையைத் தூக்கித் தெருவிளக்கு கேட்பது ஒவ்வொரு வாக்காளரின் உரிமை. அதை நியமன உறுப்பினரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.