நிறுவையும் நியாயமும்

தேயிலைத் தோட்டங்களில் 'அரைப்பேர்' என்னும் சொல்லுக்குப் பொருள் கூறவேண்டியதில்லை. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் காட்டாதவளுக்குப் பாதி நாட்கூலியே எழுதப்படும் என்பது அதன் கருத்து. அவள் நிரை பிடித்த மலை பழைய விதைத் தேயிலை மலையா, செழித்த வீ.பி. தேயிலை மலையா என்பதைத் தராசு அறியாது. கோடையிற் கொழுந்து அருகியதையும் அறியாது. கூடைக்கும் ஈரத்திற்கும் கழித்தது போக எஞ்சிய கிலோக்களே அவளின் உழைப்பு எனக் கணக்கிற் பதியப்படும். தராசு பொய் கூறுவதில்லை. அதனிடம் வினவப்பட்ட வினாவே பிழையானது. அட்டனிலும் நுவரெலியாவிலும் வளர்ந்து கணினி கற்கவரும் மாணவர்க்கு, அளவையைத் தெரிதல் என்னும் பொருள் இதனாற் புதியதன்று.

பணிசெயல் முறைமைகளின் கருவாகிய கேர்னல்களை ஒப்பிடும் முயற்சியிலும் இதே வழக்கு எழுந்ததுண்டு. 1999 ஏப்ரலில் மைண்ட்கிராப்ட் என்னும் நிறுவனம், மைக்ரோசொப்டின் பணத்தில் நடத்திய சோதனையொன்றின் பெறுபேறுகளை வெளியிட்டது. இணையப் பக்கங்களை வழங்குவதில் விண்டோஸ் என்.ரீ. லினக்சைவிட 3.7 மடங்கு விரைவுடையது என்பது அதன் முடிபு. சோதனைக்குக் கொண்ட கணினியோ நான்கு செயலிகளும் நான்கு வலையமைப்பு அட்டைகளும் உடையது. மாறாப் பக்கங்களையே அது வழங்கிற்று. லினக்ஸ் அன்பர்கள் கொதித்தெழுந்தனர். அவர்தம் சினத்தில் நியாயம் இருந்தது. முழு நியாயமும் இருந்ததென்று கூறவியலாது. மீண்டும் நடத்தப்பட்ட சோதனையிலும் இடைவெளி குறைந்ததேயன்றி வெற்றி கைமாறவில்லை. லினக்ஸ் 2.2 கேர்னலின் வலையமைப்புப் பகுதி, பல செயலிகள் ஒருங்கே நுழைய இடமளியாத பூட்டொன்றைக் கொண்டிருந்தமை அதனால் வெளிப்பட்டது. 2001இல் வந்த 2.4 அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. ஆயினும் அதே 1999இல் ஜேர்மனியச் சஞ்சிகையொன்று, ஒரே வலையமைப்பு அட்டையுடனும், கேட்குந்தோறும் நிரல்கள் ஆக்கித்தரும் பக்கங்களுடனும் சோதித்தபோது லினக்ஸ் பின்னிற்கவில்லை. இரு முடிபுகளும் மெய்யே, மலைதான் வேறு.

ஒப்பீட்டிற்குரிய சோதனையை எங்ஙனம் தெரிவது? நெட்பெர்ஃப் என்னும் கருவி தரும் இரு சோதனைகளை நோக்கினாற் போதும். ஒன்று, ஒரே தொடர்பில் இடையறாது தரவைப் பொழிந்து, செக்கனுக்கு எவ்வளவு சென்றதென அளப்பது. மற்றையது, சிறு வினாவொன்றை அனுப்பி, விடை வந்தபின்னரே அடுத்ததை அனுப்பி, செக்கனுக்கு எத்தனை முறை போய்வந்ததென எண்ணுவது. முன்னதிற் கம்பியின் எல்லையை இரு கேர்னல்களும் எட்டிவிடின், அச்சோதனை கம்பியை அளந்ததேயன்றிக் கேர்னலை அளக்கவில்லை. செயலி அப்பொழுது எவ்வளவு உழைத்தது என்பதையும் உடன் குறித்தாலன்றி ஒப்பீடு பொருளற்றது.

மலைநாட்டுக்குரிய சோதனை வேறு. சமிக்ஞை நலிந்த மலைமடிப்புகளிற் பொதிகள் தவறுவதும் தாமதிப்பதும் இயல்பு. ரி.சி.பி.யின் பழைய முறைகள் இழப்பை நெரிசலெனக் கொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2016இல் லினக்ஸ் 4.9இற் சேர்ந்த பி.பி.ஆர். என்னும் முறையோ, பொதிகள் சென்றடையும் வேகத்தையும் போய்வரும் நேரத்தையும் அளந்தே செல்வது. இவ்வேகத்தைத் தீர்மானிப்பது அனுப்புகின்ற கணினியின் கேர்னல். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, தோட்டத்துப் பிள்ளைகள் சமிக்ஞை தேடி மேடேறி நின்றபோது, கையிலிருந்த தொலைபேசியை மாத்திரமன்றித் தொலைவிலுள்ள வழங்கியின் கேர்னலையும் பொறுத்தே பாடம் வந்து சேர்ந்தது. ஆய்வுகூடத்துக் குறுங்கம்பியில் நடத்திய சோதனை அதைக் காட்டாது. லினக்சிலுள்ள நெட்எம் என்னும் வசதியால் நூற்றுக்கு இரண்டு பொதிகள் தவறவும், எஞ்சியவை 200 மில்லிசெக்கன் தாமதிக்கவும் செய்து, இரு கேர்னல்களையும் ஒரே கணினியிற் பலமுறை ஓட்டிப் பார்க்கலாம். நூறு பிள்ளைகள் ஒருங்கே பாடக்குறிப்பைத் திறப்பது போன்ற சுமையையும் அதன்மேல் ஏற்றலாம்.