பதினாறு புள்ளிக்குள்

படம் வரையும் இங்க்ஸ்கேப்பைத் திறந்தால் இன்றும் என் கை முதலில் தட்டுவது 48-க்கு 48 பிக்சல் என்ற அளவைத்தான். டாங்கோ என்ற ஐகான் திட்டத்தின் காலத்துப் பழக்கம். 2005-ல் அந்தத் திட்டம் வந்த சமயம், லினக்ஸ் திரையில் ஒவ்வொரு செயலியின் ஐகானும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு கோணம். வெளிச்சம் மேலிருந்துதான் விழவேண்டும், நிறங்களை இந்தத் தட்டிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று டாங்கோ விதி வகுத்தது. அந்தத் தட்டின் வெண்ணெய் மஞ்சளும் வான நீலமும் இப்போதும் கண்ணில் நிற்கின்றன.

அப்போது ஐகான் வரைந்த எங்களோடு எழுத்துரு வரையும் அண்ணன் ஒருவர் இருந்தார். பெரிய படத்தை அப்படியே சுருக்கிச் சின்னதாக்குவது அவருக்குப் பிடிக்காது. “சுருக்கினா அழுக்குதான் வரும், தம்பி” என்பார். 48-ல் ஒரு பிக்சல் கனமுள்ள கோடு 16-ல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். திரையால் அதை வெளிறிய சாம்பலாகத்தான் காட்ட முடியும். அதனால் 32, 22, 16 என்று ஒவ்வோர் அளவையும் தனியாக வரைவோம். கடித உறை ஐகானின் தபால்தலை 48-ல் இருக்கும், 16-ல் இருக்காது. எதை விடுவது என்பதில்தான் பாதி நேரம் போகும். 1980-களில் மெக்கின்டாஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேருக்குக் கிடைத்தது 32-க்கு 32 கட்டம், கறுப்பு, வெள்ளை. அந்த நெருக்கடியில்தான் சிரிக்கும் கணினி முகம் பிறந்தது.

வரைந்து முடித்தபின் பெயர் வைக்கும் படலம். லினக்ஸின் இரு திரைச்சூழல்களில், கேடிஇ-யில் ‘ஃபைல்சேவ்’ என்று இருந்த அதே ஐகான் க்னோமில் ‘ஸ்டாக்_சேவ்’. இரண்டுக்கும் பொதுவாகப் பிறகு வந்த பெயர், ‘டாக்குமென்ட்-சேவ்’. ஆங்கிலச் சிற்றெழுத்து, சொற்களுக்கு நடுவில் சிறு கோடு. படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. என்ன வேலை என்பதை மட்டும் சொல்லும். டாங்கோவில் அந்தப் பெயருக்கு வன்தட்டில் இறங்கும் அம்பு. வேறு தீம்களில், அதாவது வேறு ஐகான் தொகுப்புகளில், ஃப்ளாப்பி. பெயரில் ஃப்ளாப்பி இல்லாததால் யாருக்கும் சங்கடமில்லை.

நடுவில் வரும் சிறு கோட்டுக்கும் வேலை உண்டு. ‘இன்புட்-மவுஸ்-யுஎஸ்பி’ தீமில் இல்லையென்றால் கணினி கடைசித் துண்டைக் கழித்துவிட்டு ‘இன்புட்-மவுஸ்’ போதும் என்று எடுத்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் தேடல் வெளியே கிளம்பும்: சொந்த வீட்டில் கிடைக்காததைப் பெரியப்பா வீட்டில் கேட்டு, கடைசியில் ஊர்ச் சத்திரத்துக்குப் போவதுபோல, தாய்த் தீம், பிறகு எல்லாருக்கும் பொதுவான ‘ஹைகலர்’. புதுச் செயலி எழுதுகிறவர்கள் குறைந்தது 48 அளவுள்ள ஒரு பிஎன்ஜி படத்தையாவது அந்த ஹைகலர் அடைவில் போட்டுவைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

2011-ல் க்னோம் 3 வந்தது. பல ஐகான்களில் வெண்ணெய் மஞ்சள் போயிற்று, நிழல் போயிற்று. பெயரின் வாலில் ‘சிம்பாலிக்’ சேர்ந்தது. ஒரே நிறம், அதையும் தீம் சொல்லும். வரைவது எஸ்விஜி-யில்தான் என்றாலும் கட்டம் 16-க்கு 16. தபால்தலையை எடுக்கவா வேண்டாமா என்று அண்ணனோடு மல்லுக்கட்டிய அதே கட்டம். எங்கள் படங்களில் ஒன்றுகூட இன்றைய தீம்களில் இல்லை. வால் சேர்ந்தாலும் ‘டாக்குமென்ட்-சேவ்’ மட்டும் ஓரெழுத்தும் மாறாமல் நிரல்களுக்குள் இருக்கிறது. அதனால்தான் படத்தை மட்டும் மாற்றுகிறவர்கள் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடவேண்டி வரவில்லை.